கடைசி நாளில் நமக்காகப் பேசுவது யார்?



இந்த இதழின் குடும்பப் பாடத்தில் கொஞ்சம் பாரமான விஷயம் ஒன்றைப் பேசப் போகிறோம். சாவைப் பற்றிய பேச்சு அபசகுனம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. பெட்டிக்கும் பந்தலுக்கும் மாதாமாதம் காசு கட்டுகிறோம். ஊழியர் சேமலாப நிதி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று படிவத்தில் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். செத்த பிறகு நடக்க வேண்டியதற்கெல்லாம் ஏற்பாடு உண்டு. அதற்கு முன்னே, பேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கக்கூடிய நாட்களுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. அந்த ஏற்பாடுதான் இன்றைய பாடம்.

கன்னியாவில் கேட்டது

திருகோணமலை நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தூரத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான சூடு. இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்வதற்காக உண்டான ஊற்றுகள் இவை என்பது ஐதீகம். தாய் தகப்பனை இழந்தவர்கள் அங்கே நீராடிக் கடன் கழிப்பது பழைய வழக்கம். கோணேசர் கோயிலுக்குப் போகிற நம் மலைநாட்டுச் சனங்களும் கன்னியாவில் தலை நனைக்காமல் திரும்புவதில்லை.

திருகோணமலை நமக்கு அந்நிய ஊரும் அல்ல. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் போன குடும்பங்கள் பல. துறைமுகத்துப் பக்கமும் தம்பலகாமத்துப் பக்கமும் விசாரித்தால், "எங்க அப்பா பொறந்தது மஸ்கெலியாப் பக்கம்" என்று சொல்லுகிறவர்களைப் பார்க்கலாம். இப்போதும் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி அங்கே போகிறார்கள். பெற்றவர்கள் பென்ஷன் இல்லாத முதுமையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

அப்படிப் போய்ச் சேர்ந்த ஒரு தகப்பனின் பிள்ளைகளை நாங்கள் கன்னியாவில் சந்தித்தோம். பேரும் தோட்டமும் வேண்டாம். நாற்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்த மனுஷன். வேலை முடிந்தபின் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மூத்த மகன் வீட்டில் இருந்தார். மகள் மலையில் கொழுந்தெடுக்கிறாள். இளைய மகன் கட்டாரில். ஒருநாள் விடியற்காலையில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு மெஷினில் போட்டார்கள். பத்து நாள் ஆகியும் கண் திறக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு பெரிது, பழையபடி எழும்புவார் என்று நம்ப இடமில்லை என்று டாக்டர் சொன்னார். நீண்ட நாள் மெஷினில் வைப்பதானால் தொண்டையில் துளை போட வேண்டி வரும், குடும்பம் என்ன நினைக்கிறது என்றும் கேட்டார்.

"போடுங்க டாக்டர்" என்றான் மூத்தவன். "வேணாம்ண்ணே, அப்பா வேணாம்னு சொல்லியிருக்காரு" என்றாள் மகள். அம்மா சாகக் கிடந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து அவர் அவளிடம் சொன்னாராம்: "எனக்கு இப்படிக் குழாய் குழாயா சொருகி வச்சிராதீங்க பிள்ள. வீட்டுல, உங்க கண்ணு முன்னால போயிரணும்." அந்தப் பேச்சைக் கேட்டது அவள் ஒருத்திதான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. கட்டாரில் இருந்த தம்பி போனில் கேட்டான்: "என்னக்கா, உனக்குப் பேர் விழாமப் போவுதேன்னு அவசரமா?" அந்த ஒரு வார்த்தையில் அவள் வாய் மூடிப் போயிற்று. துளை போட்டார்கள். மேலும் இருபத்து மூன்று நாள் அப்பா கண் திறக்காமல் கிடந்து, போய்ச் சேர்ந்தார்.

கன்னியாவில் நாங்கள் பார்த்தபோது அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. கடைசியில் அண்ணன்தான் ஈர வேட்டியோடு வந்து சொன்னான்: "தங்கச்சி, அப்பா எங்கிட்ட சொல்லலியே. சொல்லியிருந்தா நான் ஏன் புடிச்சு வைக்கப் போறேன்?"

இதில் குற்றவாளி யாருமில்லை. மூவருக்கும் அப்பா மேல் பாசம். தகப்பன் தன் மனதில் இருந்ததை மூன்று பேருக்கும் சொல்லவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. அது ஒன்றுதான் குறை. செத்த பிறகு செய்யும் கடன் பிள்ளைகளுடையது. சாகுமுன் தன் விருப்பத்தைச் சொல்லி வைப்பது பெற்றவர்களுடைய கடன் என்று எங்களுக்கு அன்று தோன்றியது.

இது என்ன பத்திரம்?

"எனக்குச் சுயநினைவு இல்லாமல் போய், மீளும் நம்பிக்கையும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லும்போது, இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம், எனக்காகப் பேச வேண்டியவர் இன்னார்" என்று நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் மருத்துவ விருப்பப் பத்திரம். உலகத்தில் இதை 'லிவிங் வில்' என்று சொல்லுகிறார்கள். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து வக்கீல் லூயிஸ் குட்னர் 1969இல் ஒரு சட்டச் சஞ்சிகையில் இந்த யோசனையை விளக்கி எழுதினார். 1976இல் கலிபோர்னியா மாநிலம் இதற்கு முதன்முதலாகச் சட்டம் போட்டது.

இரண்டு விஷயங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, மரண சாசனம். அது சொத்துக்கானது, ஆள் இறந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அதை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். மருத்துவ விருப்பப் பத்திரம் ஆள் உயிரோடு இருக்கும்போது பேசுவது. சாசனத்துக்குள் இதை எழுதி வைத்தால், அதைத் திறக்கும் நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

இரண்டு, கருணைக் கொலை. ஊசி போட்டு உயிரை எடுக்கச் சொல்லும் பத்திரம் அல்ல இது. அப்படிச் செய்வது நம் நாட்டுத் தண்டனைச் சட்டப்படி குற்றம். நோயை மாற்றாமல் சாவை மட்டும் இழுத்துக்கொண்டே போகும் வைத்தியத்தை நிறுத்தி, ஆளை அவர் நோயின் வழியே அமைதியாகப் போக விடுவது வேறு விஷயம். சமயங்களும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கின்றன. மீறிய பாரமாக இருக்கும் அசாதாரண வைத்திய முறைகளைச் செய்தே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்குச் சொன்னார்.

எழுதி வைக்காததால் வந்த வழக்குகள்

அண்ணன் தங்கச்சி சண்டை நம் லயத்தில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டெரி ஷைவோ என்ற 26 வயதுப் பெண் 1990 பெப்ரவரியில் இதயம் நின்று விழுந்தாள். இதயத்தை மீட்டார்கள், மூளையை மீட்க முடியவில்லை. வயிற்றுக் குழாய் வழியாக ஆகாரம் கொடுத்து வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள். "இப்படி வாழ அவள் விரும்பமாட்டாள், என்னிடம் சொல்லியிருக்கிறாள்" என்றார் புருஷன். "எங்கள் மகள் வாழ விரும்புவாள்" என்றார்கள் பெற்றோர். எழுத்து ஒன்றும் இல்லை. கோர்ட்டு உத்தரவுப்படி குழாயை எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். நாட்டின் பாராளுமன்றமும் ஜனாதிபதியும்கூட நடுவில் புகுந்தார்கள். மூன்றாம் முறை எடுத்த பிறகு 2005 மார்ச் 31இல் அவள் இறந்தாள். பதினைந்து வருஷம்! ஒரு தாள் எழுதியிருந்தால் மருமகனும் மாமன் மாமியும் ஊர் முன்னே எதிரிகளாக நின்றிருக்க மாட்டார்கள்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் சொந்தங்கள் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனார்கள். அவர்கள் இருக்கும் இந்தியாவில் சட்டம் மாறிய கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்பாயின் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் வேலைத்தலத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு அதே ஆஸ்பத்திரியின் கட்டிலில் 41 வருஷத்துக்கு மேல் கிடந்தார். உடன் வேலை செய்த தாதிமாரும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக அவரைத் தங்கள் பிள்ளை போலக் கழுவித் துடைத்து ஊட்டினார்கள். ஆகாரம் கொடுப்பதை நிறுத்தி அவரைப் போக விட வேண்டும் என்று பிங்கி விரானி என்ற எழுத்தாளர் வழக்குப் போட்டார். தாதிமார் சம்மதிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7இல் அந்த மனுவைத் தள்ளியது. ஆனால், மீள முடியாத நோயாளிக்குச் செயற்கையாக உயிரைத் தாங்கும் சிகிச்சையைக் கடுமையான நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்ற வழியையும் அதே தீர்ப்பு திறந்தது. அருணா 2015 மே 18இல் இறந்தார். அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல அவருடைய எழுத்து எதுவும் இல்லை.

அதன்பின் 2018 மார்ச் 9இல், 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு போட்ட வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு மருத்துவ விருப்பப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது. கௌரவமாக வாழும் உரிமைக்குள் கௌரவமாகச் சாகும் உரிமையும் அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். முதலில் வைத்த நடைமுறை சாதாரண மக்களுக்கு எட்டாததாக இருந்தது. மாஜிஸ்திரேட்டின் கையொப்பம்வரை கேட்டது. 2023 ஜனவரி 24இல் அதை எளிதாக்கினார்கள். இப்போது அங்கே 18 வயதுக்கு மேற்பட்ட, தெளிந்த புத்தியுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன் எழுதி, நொத்தாரிசு அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் முன் உறுதிப்படுத்தலாம். சிகிச்சையை நிறுத்துமுன் இரண்டு வைத்தியக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கூடலூரில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் போடும்போது இதை எழுதுங்கள்.

நம் நாட்டில் நிலை என்ன?

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுகிறோம். இலங்கையில் மருத்துவ விருப்பப் பத்திரத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே நீங்கள் எழுதும் தாள் டாக்டரைக் கட்டிப் போடும் சட்டப் பத்திரம் ஆகாது. காணி, வங்கி அலுவலுக்காக எழுதும் அற்றோர்னித் தத்துவத்தையும் இதற்குப் பதிலாக நம்பக் கூடாது.

அப்படியானால் எழுதி என்ன பிரயோசனம்? பிரயோசனம் நிறைய உண்டு.

தெளிந்த நினைவோடு இருக்கும் நோயாளியிடம் சம்மதம் கேட்டே வைத்தியம் செய்ய வேண்டும் என்பது இங்கும் ஏற்றுக்கொண்ட முறை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. நினைவு போய்விட்டால் டாக்டர்கள் நெருங்கிய சொந்தங்களைக் கூப்பிட்டுப் பேசித்தான் முடிவுக்கு வருகிறார்கள். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில், "எங்கப்பாவுக்கு விருப்பமில்லை" என்று ஒருத்தி சொல்லுவது ஒரு விதம். நாளும் கையொப்பமும் சாட்சியும் உள்ள தாளை நீட்டுவது வேறு விதம். டாக்டருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கோ, தகப்பன் உயிரைத் தாங்களே தீர்மானித்தோம் என்ற பழி மனதில் தங்காமல் போகிறது.

உடம்பைப் பற்றிய விருப்பத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது இலங்கைக்குப் புதிய பழக்கம் அல்ல. டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்துக்கு நம் நாட்டு மக்கள் "நான் இறந்தபின் என் கண்களை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஏராளமாகக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அதன்பின் பல நாடுகளுக்கும் போயிருக்கின்றன. உறுப்புத் தானத்துக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. செத்தபின் கண்ணுக்கு எழுதத் தெரிந்த நாம், சாகுமுன் வலிக்கும் மூச்சுக்கும் ஒரு வரி எழுதக் கூடாதா?

எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு விஷயங்கள்

பேர் தெரியாத வைத்தியத்துக்கு வேண்டும் வேண்டாம் சொல்ல முடியாது. ஆகவே இவற்றைப் படித்துக் காட்டுங்கள்.

1. மூச்சு மெஷின். வாய் வழியாகச் சுவாசக் குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, மெஷின் மூலம் மூச்சுக் கொடுப்பது. பாம்புக்கடி, மருந்துக் குடிப்பு, நியுமோனியா போன்றவற்றில் சில நாள் தாங்கிப் பிடித்து ஆளை மீட்டுத் தரும் அருமையான சாதனம். மீளாத நோயில் மரணத்தைத் தள்ளிப் போட மட்டுமே செய்யும். குழாய் இருக்கும்வரை பேச முடியாது.

2. நெஞ்சை அழுத்துதல். இதயம் நின்றவுடன் நெஞ்சை வேகமாக அழுத்தியும் மின் அதிர்ச்சி கொடுத்தும் மீட்கப் பார்ப்பது. திடீரென விழுந்த திடகாத்திரமான ஆளுக்கு இது உயிர் கொடுக்கலாம். நோய் முற்றி உடம்பு ஓய்ந்துபோன முதியவரில் பலிப்பது அபூர்வம். விலா எலும்பு முறிவதும் உண்டு.

3. ஆகாரக் குழாய். விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் துளை போட்டோ ஆகாரம் கொடுப்பது. நம் சனங்களுக்கு இதுதான் மனதைப் பிசையும் விஷயம். "பட்டினி போட்டா சாகவிடுறது?" என்று கேட்பார்கள். சாகும் தறுவாயில் உடம்பே ஆகாரத்தை வேண்டாம் என்று தள்ளுகிறது. அப்போது வாயை ஈரத்துணியால் நனைப்பதும், கேட்டால் ஒரு கரண்டி தேத்தண்ணி கொடுப்பதும் பட்டினி போடுவது ஆகாது. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாயை விடக் கையால் பொறுமையாக ஊட்டுவதே நல்லது என்று முதியோர் வைத்திய நிபுணர்கள் சொல்லுகிறார்கள்.

4. இரத்தச் சுத்திகரிப்பு. சிறுநீரகம் பழுதானவருக்குக் கிழமையில் இரண்டு மூன்று தரம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பகுதி மக்களுக்குச் சிறுநீரக நோயின் கொடுமை நன்றாகத் தெரியும். இந்தச் சிகிச்சையால் வருஷக்கணக்காக வேலை வெட்டி செய்து வாழுகிறவர்கள் உண்டு. உடம்பு தாங்காமல் போன நிலையில் தொடர்வதா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

ஐந்தாவதாக ஒன்றை மறக்கக் கூடாது. அது வலி நீக்கம். எந்தச் சிகிச்சையை வேண்டாம் என்றாலும் இதை மட்டும் வேண்டாம் என்று எழுதாதீர்கள். புற்றுநோய் வலிக்கு மோர்பின் மருந்து உண்டு. நோயை மாற்ற முடியாதபோதும் வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்து ஆளைக் கவனிப்பதற்கு நோவு தணிப்புப் பராமரிப்பு என்று பேர். இதை நாடெங்கும் வளர்ப்பதற்காகச் சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், வலி இல்லாம வச்சிருக்க என்ன செய்யலாம்?"

எழுதுவது எப்படி?

முதலில் பேச்சு, பிறகுதான் எழுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசுங்கள். தூரத்தில் இருப்பவரைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாவில் பார்த்த குடும்பத்தில் இல்லாமல் போனது இதுதான். ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லுவது அந்தப் பிள்ளையைச் சிக்கலில் மாட்டுவதாகும்.

பிறகு உங்களுக்காகப் பேச ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். மூத்த மகன்தான் என்று கட்டாயமில்லை. உங்கள் விருப்பத்தைத் தன் விருப்பத்துக்கு மேலாக மதிக்கக்கூடியவராகவும், டாக்டர் முன் தைரியமாகப் பேசக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அவர் வர முடியாவிட்டால் பேச இரண்டாம் ஆளின் பேரையும் எழுதுங்கள்.

வெள்ளைத் தாள் போதும். மாதிரி ஒன்றைத் தருகிறோம்:

"இன்ன தோட்டத்தில் வசிக்கும், இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய நான், தெளிந்த புத்தியோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் இதை எழுதுகிறேன். எனக்குச் சுயநினைவு இல்லாமல் போய், நான் தேறி என் சொந்தங்களை அடையாளம் காணும் நிலைக்குத் திரும்ப மாட்டேன் என்று என்னைப் பார்க்கும் டாக்டர்கள் முடிவு செய்தால், மூச்சு மெஷின், நெஞ்சை அழுத்துதல், ஆகாரக் குழாய் ஆகியவற்றில் எனக்கு வேண்டியது இது, வேண்டாதது இது. எந்த நிலையிலும் வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் என்னைப் பார்க்க வேண்டும். முடியுமானால் கடைசி நாட்களில் வீட்டில் இருக்க விரும்புகிறேன். எனக்காகப் பேச வேண்டியவர் இன்னார். அவர் இல்லாதபோது இன்னார். என் பிள்ளைகள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட்டேன்."

கீழே திகதியும் கையொப்பமும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர்கள் முன் சத்தமாக வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் வாங்கலாம். அவர் தன் வாயால் சொல்லுவதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தால் இன்னும் நல்லது. சாட்சி இரண்டு பேர் வேண்டும். உங்கள் சொத்தில் பங்கு வராதவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டால் தாளுக்கு மதிப்புக் கூடும். சட்டச் சந்தேகம் இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

மொழியைக் கவனியுங்கள். திருகோணமலையில் தமிழ் தெரிந்தவர் வார்ட்டில் இருப்பார். கண்டியிலோ இரத்தினபுரியிலோ அந்த நேரம் இல்லாமல் போகலாம். தமிழில் எழுதியதைச் சிங்களத்திலும், முடிந்தால் இங்கிலீஷிலும் ஒரு பிரதி எழுதிச் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, தாளை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம் நோயாளி தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து பிரதேச ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறிப் போகிறவர். தாளும் கூடவே போக வேண்டும். ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும். ஒன்று உங்களுக்காகப் பேசுபவரிடம். ஒன்றைப் படம் எடுத்துப் பிள்ளைகளின் போனில். 1990 அம்பியூலன்சில் ஏற்றும்போது கிளினிக் கொப்பியையும் கையில் எடுங்கள்.

நம் சனங்கள் கேட்ட கேள்விகள்

"இதை எழுதிக் கொடுத்தா, ஏழைதானேன்னு டாக்டர்மார் நம்மளக் கவனிக்காம விட்டுருவாங்களா?"

நியாயமான பயம். அதனால்தான் "தேறமாட்டேன் என்று டாக்டர்கள் முடிவு செய்தால்" என்ற நிபந்தனை முதலில் வருகிறது. காய்ச்சலுக்கோ விபத்துக்கோ பிரசவத்துக்கோ இந்தத் தாளுக்கு வேலை இல்லை. எல்லாச் சிகிச்சையும் கடைசிவரை வேண்டும் என்று நினைப்பவர் அப்படியே எழுதலாம். அதுவும் விருப்பப் பத்திரம்தான். இது வேண்டாம் என்று சொல்ல மட்டும் உள்ள தாள் அல்ல.

"மகனும் மருமகளும் என்னை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினா?"

அது பெரிய பாவம். அப்படி வாங்கிய தாளுக்கு மதிப்பும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற மனக்குறையில் எந்தத் தாத்தாவும் அப்பாயியும் இதில் ஒப்பமிடக் கூடாது. மனச்சோர்வில் இருக்கும்போதும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லி, டாக்டரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ தனியாகப் பேசுங்கள்.

"எழுதின பிறகு மனசு மாறினா?"

கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம். நினைவு இருக்கும்வரை வாய் வார்த்தைக்குத்தான் முதலிடம், தாளுக்கு இரண்டாமிடம். பழைய பிரதிகளை வாங்கி அழித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு வீடு கழுவும்போது, தாளையும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

"சின்ன வயசுக்காரங்களுக்கு எதுக்கு?"

ஷைவோ விழுந்தபோது வயது 26. அருணாவுக்கும் இருபதுகளில்தான் வயது. துறைமுகத்தில் பாரம் தூக்குபவரும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவரும், மலைச்சரிவில் கூடை சுமப்பவரும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

வீட்டுப் பாடம்

இந்தக் கிழமைக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். இரண்டாவது, பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, உங்களுக்குப் பேச முடியாமப் போனா, உங்களுக்காக யாரு பேசணும்?" மூன்றாவது, அவர் சொன்ன பேரைத் திகதியோடு கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதுங்கள். முழுப் பத்திரம் எழுத நாளாகலாம். அந்த ஒரு வரி இன்றைக்கே எழுத முடியும்.

கன்னியாவில் அந்த அண்ணனும் தங்கையும் திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்துதான் போனார்கள். ஹபரணை தாண்டும்வரை பேசிக்கொண்டே போனார்களாம். "அப்பா அடுப்படியில வேற என்னென்ன சொன்னாரு?" என்று அவன் கேட்டானாம். அந்தப் பேச்சை அப்பா இருக்கும்போதே பேசியிருக்கலாம் என்று அவள் பிறகு எங்களிடம் சொன்னாள். உங்கள் வீட்டு அடுப்படியில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.